பல்லில் கட்டிய தங்கம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, என் இடத்துக்கு வந்திருக்கும் சரோஜினி ஒரு கேள்வி கேட்டாள். பல்லுக்குக் கம்பி கட்ட யார் வந்தாலும், அவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே நான் இரண்டு விஷயம் விசாரிப்பேன். வீட்டில் எதைக் கொண்டு பல் விளக்குகிறீர்கள் என்பது ஒன்று. விளக்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மற்றொன்று. வலிக்கிறதா என்பதுகூட அதற்கப்புறம்தான்.

"எதை வெச்சு விளக்குறீங்கன்னு கேக்குறது சரி. பக்கத்திலே யாரு நிக்கிறான்னு எதுக்கு அக்கா? போலீஸ் ஸ்டேஷன்லே விசாரிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

சரோஜினி தங்கத்தில் கம்பி கட்டிப் பார்த்ததில்லை. அவள் வந்தபோதே எல்லாம் எஃகாகிவிட்டது. தங்கத்தின் காலத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்வியின் பிறப்பைச் சொல்ல முடியாது. சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுதி வையுங்க அக்கா" என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. மருந்துப் புட்டிகளின் லேபிளையும், காத்திருக்கும் பெஞ்சில் ஆட்கள் விட்டுப்போகும் பத்திரிகைகளையும் படித்தே எழுத்து பழகினேன். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குரியன் டாக்டர் கல்கத்தாவில் படித்துவிட்டு வந்து, கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நாற்காலி போட்டார். வெளிச்சம் நன்றாக விழும் அறை. ஆனால் பெண்கள் வாயைத் திறக்கவில்லை. படியேறி வருவார்கள், உட்காருவார்கள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்கூட விடுவார்கள். முன்பின் தெரியாத ஆம்பிளை குனிந்து பார்க்கிறாரே, எப்படித் திறப்பது? பக்கத்தில் ஒரு பெண் நின்றால் திறப்பார்கள் என்று யாரோ யோசனை சொன்னார்கள். எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குத் தெற்கே. என் வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மூலமாக விஷயம் என்னிடம் வந்தது. ஆக, என் முதல் உத்தியோகம் நிற்பது. வெறுமனே நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதலில் வந்தவர்களில் ஒரு அக்கிரகாரத்து மாமியை மறக்க முடியாது. "எஸ்தர், நீ இங்கேயே நில்லுடீ. நகந்தேன்னா நான் வாயை மூடிண்டுடுவேன்" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பல்லைப் பிடுங்கிக்கொண்டார். முடிந்ததும், பஞ்சைக் கடித்தபடி, "ஆத்துக்குப் போய்த் தலை முழுகிக்கறேன். வலிக்கு மடி ஆசாரமெல்லாம் தெரியலையே" என்றார். டாக்டர் அதைப் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நின்றபடியே கற்றுக்கொண்டேன். கருவிகளின் பெயர், அவற்றைக் கொதிக்க வைக்கும் முறை, எச்சில் ஊறாமல் பஞ்சுருளை வைக்கும் விதம். கை நீட்டுவதைப் பார்த்தே எந்தக் கொறடு வேண்டும் என்று தெரிந்துகொள்ள இரண்டு மழைக்காலம் போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

டாக்டரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை உள்ளங்கையில் பொத்தி, சூடேற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க அது தேவை என்பார். குளிர்ந்த இரும்பு கன்னத்தில் பட்டால் ஆள் திடுக்கிடும் என்பதே உண்மையான காரணம் என்று எனக்குத் தெரியும். எந்தக் கருவியையும் முதுகுக்குப் பின்னால் மறைக்க மாட்டார். காட்டுவார், இதைக் கொண்டு இதைச் செய்யப்போகிறேன் என்பார், அப்புறம் தன் மலையாளத்தில் "பேடிக்கண்டா" என்பார். பயப்படாதே என்று சொல்வதற்கு உலகத்தில் அதைவிட மெத்தென்ற வார்த்தை கிடையாது. வேலை முடிந்ததும் கைக்கண்ணாடியை முதலில் நோயாளி கையில்தான் கொடுப்பார். கூட வந்த தகப்பனோ மாமியாரோ எட்டிப் பார்த்தால், "பல்லு ஆருடையது? அவங்க முதல்லே பாக்கட்டும்" என்பார்.

வித்துராப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் தாடை வீங்கி வந்தார். காட்டில் புலியைப் பார்த்தவராம். ஆனால் நாற்காலியைப் பார்த்ததும் கதவோரத்திலேயே நின்றுவிட்டார். டாக்டர் தானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, வாயைப் பிளந்து, என்னைக் கண்ணாடி விட்டுப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். கடைவாயில் ஒரு பல் இல்லை. அந்த மனிதர் கிட்டே வந்து அவரும் பார்த்தார். "உங்களுக்கும் போயிருக்கே சாமி" என்று சொல்லிவிட்டுச் சாதுவாக உட்கார்ந்தார். படிப்பு பெரிய படிப்பாக இருந்தும் மனிதர் கூச்சமில்லாமல் வாயைத் திறந்து காட்டினார் பாருங்கள், அதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை உட்கார்ந்தது.

இனி தங்கத்துக்கு வருகிறேன்.

முன்னால் துருத்திய பல்லைப் பின்னால் கொண்டுவர அப்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு மெல்லிய தங்கப் பட்டை கட்டுவார்கள். மோதிரம் விரலைச் சுற்றி நிற்பது போல அது பல்லைச் சுற்றி நிற்கும். பட்டைகளின் மேல் ஒரு வில் போன்ற கம்பி ஓடும். அந்தக் கம்பியை மாதாமாதம் கொஞ்சம் இறுக்க, பல் நகர்ந்து வரும். பட்டை அசையாமல் இருக்கச் சிமெண்டு பூசி ஒட்ட வேண்டும். அந்தச் சிமெண்டைக் கலக்குவது என் வேலை.

பார்க்க எளிது. கண்ணாடிப் பலகையில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் துளித் திரவம். தூளைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் குழைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது குழையும் முன்பே கல்லாகும். அதனால் பலகையை மண்பானைத் தண்ணீரில் குளிர வைப்பேன். மழைக்காலத்தில் குளிர்ந்த பலகைக்கு வியர்க்கும். அந்த ஈரத்தைத் துடைக்காமல் கலக்கினாலும் கல்லாகும். குளிர்ச்சி வேண்டும், வியர்வை கூடாது. கரண்டியைத் தூக்கினால் சிமெண்டு நூல் போல ஒரு விரல் உயரம் எழும்பி அறுந்து விழ வேண்டும். அதுதான் பதம். "பாகு காய்ச்சினவங்க கை" என்பார் டாக்டர். வேறு பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சாலைக் கடைத்தெருவில் நகை வேலை செய்த ஆறுமுகம் பத்தர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர் மகள் உலகம்மாள். வீட்டில் உலகு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். முன்பற்கள் நாலும் உதட்டுக்கு வெளியே வந்து நிற்கும். அந்தப் பெண்ணுக்கு வலது கை எப்போதும் வாயை மறைத்தபடிதான். சிரிப்பு வந்தால் முகத்தையே திருப்பிக்கொள்வாள். "எம் மவ சிரிச்சு நான் பாத்ததில்ல நர்சம்மா, முதுகு குலுங்குததைத்தான் பாத்திருக்கேன்" என்றாள் அவள் அம்மா இசக்கியம்மாள், முதல் நாளே.

பத்தர் ஒரு நிபந்தனை போட்டார். தன் மகள் வாயில் வேறொருவன் அடித்த தங்கம் ஏறக்கூடாது. டாக்டர் கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ என்ன கனம், என்ன கலப்பு, எவ்வளவு வளைய வேண்டும் என்று விளக்கிச் சொல்லி, தகடு இழுக்கும் வேலையை அவரிடமே விட்டார். பத்தர் கொண்டுவந்த தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எஸ்தரே, இது மாதிரி ஒண்ணு கல்கத்தாவிலே நான் கண்டதில்லை" என்றார். பத்தர் மீசையைத் தடவிக்கொண்டார். பட்டைகள் ஏறின. சிமெண்டு பதமாக நின்றது.

உலகு மாதாமாதம் அம்மாவோடு வருவாள். பல் நகர்ந்தது. உதடு மெல்ல மூட ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் அதிசயித்த ஒன்று, அந்தத் தங்கத்தின் மினுக்கு. மற்றவர்கள் வாயில் பட்டை சில வாரத்தில் மங்கும், ஓரத்தில் சோறும் அழுக்கும் படியும். இவள் வாயைத் திறந்தால் கோயில் கோபுரக் கலசம் மாதிரி ஒளி அடிக்கும். "இதாக்கும் சுத்தம்" என்று டாக்டர் மற்ற நோயாளிகளிடம் காட்டுவார். இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியை முறுக்குவாள். அவ்வளவு பெருமை.

பட்டை கழற்றும் நாள் வந்தது. பத்தரும் வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் தென்காசியிலிருந்து பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. டாக்டர் கொறடால் பட்டையின் ஓரத்தை நெம்பி, ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். வாய் கொப்புளிக்கச் சொன்னார். பல் வரிசை மல்லிகைச் சரம் போல இருந்தது. பத்தர் கையைக் கூப்பினார்.

டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கிப் பல்லின் மேல் காற்று ஊதினார். ஈரம் காய்ந்தது. காயக் காய, நாலு பல்லிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைப் பிறை தெரிந்தது. பட்டைக்கு அடியில் இருந்த இடம் மட்டும் மினுமினுவென்று நன்றாக இருந்தது. அதைச் சுற்றி மினுக்கம் செத்து, சுவர் மாதிரி சொரசொரத்துக் கிடந்தது. ஒரு பல்லில் ஊசிமுனை அளவுக்குக் குழியே விழுந்திருந்தது.

டாக்டர் கூர்முனைக் கருவியை எடுத்தார். பல்லில் வைக்காமலே திரும்ப வைத்துவிட்டு, விரல் நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. நான் அவரோடு இருந்த காலத்தில் அவர் "பேடிக்கண்டா" சொல்ல மறந்த ஒரே நாள் அது.

வீட்டில் எதைக் கொண்டு விளக்குகிறாய் என்று உலகுவிடம் கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். இசக்கியம்மாள் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. பெருமையோடுதான் சொன்னாள்.

"உமிக்கரி போட விடமாட்டேன் டாக்டரே, தங்கம் தேஞ்சிரும்லா. புளியைக் கரைச்சுத் துணித்திரியிலே தொட்டு, கொஞ்ச நேரம் ஊற விட்டு நான்தான் வெளக்கிவிடுதேன். முதல்லே வெள்ளிக்கிழமை மட்டும். பொறவு தெனமும். அவ அப்பா செஞ்ச வேலை, கறுத்திரக் கூடாதுல்லா?"

தங்க வேலை செய்கிற வீட்டில் வேறு எப்படி நினைப்பார்கள், சொல்லுங்கள். நகையைப் புளி போட்டுத்தான் விளக்குகிறார்கள். தங்கத்துக்குப் புளியால் ஒன்றும் ஆகாது. தங்கத்தைத் தாங்கி நிற்கும் பல்லுக்கு ஆகும். பல்லின் மேலோட்டை, டாக்டர் எனாமல் என்று சொல்வாரே அதை, புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். கம்பி கட்டிய வாயில் எச்சில் புரண்டு கழுவுவதும் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்து, அருமையான பல்லை அந்த அம்மாள் அன்பாலேயே அரித்துவிட்டிருந்தாள்.

பத்தருக்குப் பாதி பேச்சிலேயே புரிந்துவிட்டது. திரும்பினார். "ஏட்டி, நகையும் பல்லும் ஒண்ணாட்டி? பத்தன் பொண்டாட்டின்னு பேரு, உனக்கு இது தெரியாதா? பிள்ளை வாயையே கெடுத்துட்டு நிக்கியே" என்று ஆரம்பித்தார். இசக்கியம்மாளின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுந்து இருவருக்கும் நடுவே வந்து நின்றார்.

"பத்தரே, நில்லுங்கோ. அவங்களைப் பேசண்டா. வாயிலே கிடக்குற பொன்னு இத்தனை மின்னாது. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மாசாமாசம் நான் கண்டேன், சந்தோஷப்பட்டேன், நாலு பேருக்குக் காட்டவும் செய்தேன். எதுகொண்டு மின்னுதுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. குத்தம் என்னுதாக்கும்."

அந்தக் காலத்தில் ஒரு டாக்டர், மாடிக்கு மேலே பெயர்ப்பலகை வைத்தவர், கடைத்தெருவில் நகை வேலை செய்கிறவர் முன்னால் அப்படிச் சொல்வது நடக்காத காரியம். கோபத்தோடு வந்தவனிடம் கோபத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வான்? பத்தர் வேலைக்காரனாக யோசிக்க ஆரம்பித்தார். மகளின் வாயைத் தானே குனிந்து பார்த்தார்.

"தங்கம் மூடின இடம் கெடலை பாத்தீயளா? அப்பம் நாலு பல்லையும் தங்கத்தாலே மூடிருவோம். கூடு நான் அடிச்சுத் தாரேன். தென்காசிக்காரங்க வாரதுக்குள்ளே முடிச்சிரலாம்."

யோசனை தப்பு என்று சொல்லிவிட முடியாது. அப்போது பணக்காரர்கள் அப்படிச் செய்துகொண்டவர்கள்தான். ஆனால் கூடு மாட்ட வேண்டுமென்றால் நல்ல பல்லைச் சுற்றிலும் அராவிக் குச்சியாக்க வேண்டும். அந்த வயசில் ஒரு பெண்ணின் முன்பல் நாலையும்.

டாக்டர் சொன்னார்: "மூடணும்னா முதல்லே ராவணும் பத்தரே. நீங்க பொன்னை ராவினா அந்தப் பொடியைத் திரும்ப மூசையிலே போட்டு உருக்கலாம். பல்லோட பொடியை உருக்க ஒருத்தன் கையிலேயும் மூசை இல்லை."

தங்கம் உருக்கும் மூசையின் பெயர் டாக்டர் வாயில் வந்ததும் பத்தர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் மேலும் சொன்னார்: மேலோடு மெலிந்திருக்கிறது, உடையவில்லை. புளிப்பை நிறுத்தி, சரியாகப் பார்த்துக்கொண்டால் எச்சிலே அதை மெல்ல இறுகச் செய்யும். கொஞ்சம் மினுக்கமும் திரும்பலாம். முழுக்கத் திரும்பும் என்று சொல்லமாட்டேன். ஒரு மழைக்காலம் அவகாசம் வேண்டும். ஒருவேளை பலிக்காவிட்டால் கூடு எங்கே போய்விடும்?

பத்தர் தென்காசியைச் சொன்னார். டாக்டர் கைக்கண்ணாடியை எடுத்து, வழக்கம் போல, உலகுவிடம் கொடுத்தார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். வெள்ளைப் பிறைகளைப் பார்த்தாளா, வரிசையில் நின்ற பற்களைப் பார்த்தாளா, தெரியாது. கை வாய்க்குப் போகவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

"அப்பா, உங்க தங்கத்தை மூக்கிலே போடுங்க, காதிலே போடுங்க, வேண்டாங்கலை. பல்லு பல்லாவே இருக்கட்டும். வாரவங்க சுண்ணாம்பைப் பாத்துட்டுப் போறதுன்னா போகட்டும்."

பத்தர் மகளையே பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "இவ பேசுததைக் கேட்டா, வாயிலே இருந்தது கம்பி இல்லே, பூட்டு போலிருக்கு" என்றார்.

டாக்டர் அன்றே குழி விழுந்த பல்லை வெள்ளைச் சிமெண்டால் அடைத்தார். அதன் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் நான் இத்தனை வருஷமும் நினைத்து நினைத்து வியக்கிறேன். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரால் வாய் கொப்புளிக்க வேண்டும், மெத்தென்ற பிரஷால் விளக்க வேண்டும், புளிக்குழம்பு சாப்பிட்டால் உடனே வாயைக் கழுவ வேண்டும். இதையெல்லாம் யாரிடம் சொல்வார் என்று நினைக்கிறீர்கள்? நானாயிருந்தால் பத்தரிடம் சொல்லியிருப்பேன், இல்லை பெண்ணிடம். அவர் சுவரோரமாக நின்ற இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, அவளிடம் சொன்னார்.

"தினமும் ஒரு நாள் விடாமே செய்தது நீங்களாக்கும். அப்படி விடாமே செய்ய எல்லாருக்கும் வராது. மருந்து மாத்தித் தர்றேன். கை உங்க கைதான் வேணும்."

அந்த அம்மாள் அப்போதுதான் அழுதாள்.

அப்புறம் அவள் மகளைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே! சுண்ணாம்பைக் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடித்து, காலையும் சாயந்திரமும் மகள் பக்கத்தில் நின்றாள். மகள் பள்ளிக்கூடத்தில் யார் கையிலாவது நெல்லிக்காய் வாங்கித் தின்றால்கூட எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவாளாம். "எங்க அம்மை இப்ப எனக்குக் காவல் தெய்வம் அக்கா. படையல்தான் சுண்ணாம்புத் தண்ணி" என்பாள் உலகு. மாதாமாதம் டாக்டர் காற்று ஊதிப் பார்ப்பார். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சொரசொரப்பு நகத்துக்கு வழுக்க ஆரம்பித்தது. மழை ஓய்ந்து வெயில் வந்தபோது வெள்ளைப் பிறைகள் இளைத்து, ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாமல், காற்று ஊதினால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டன. இரண்டு பல்லில் அரிசிக் குருணை போல ஒரு மங்கல் நின்றுவிட்டது. அது போகாது என்று டாக்டர் உள்ளபடி சொன்னார். அவ்வளவுதான்.

தென்காசிக்காரர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். அவர்கள் பேசினது பெண்ணின் படிப்பைப் பற்றியாம், பல்லைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையாம். கல்யாணம் முடிவாயிற்று.

இதற்குப் பிறகுதான் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கம்பி கட்ட வருகிறவர்களிடம் முதலில் இந்த இரண்டு கேள்வியையும் கேட்கச் சொன்னார். எதைக் கொண்டு, யார் நின்று. "மின்னினாலும் கேக்கணும். மின்னினா கூடுதல் கேக்கணும்" என்றார். எஃகு வந்த பிறகும் கேட்டேன். எஃகை யாரும் புளி போட்டு விளக்க மாட்டார்கள்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் புளி ஒன்று இருக்கும், சரோஜினி. அன்போடு செய்கிறவரைக் கண்டுபிடித்து, மருந்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தில் யார் என்று கேட்பது.

கல்யாணம் சொல்ல மூவரும் தாம்பூலத்தட்டோடு படியேறி வந்தார்கள். பத்தர் வேட்டி கசங்காமல் நின்றார். கழற்றிய பட்டைகளை டாக்டர் அன்றைக்கே காகிதத்தில் மடித்து அவரிடம் கொடுத்திருந்தார். வாயில் கிடந்த தங்கம், அதை என்ன செய்தாரோ என்று நான் யோசித்ததுண்டு. இசக்கியம்மாள் வெளிச்சத்துக்கு வந்தபோது தெரிந்தது. அவள் மூக்கில் புதுசாக ஒரு மூக்குத்தி. பத்தர் அந்தப் பட்டைகளை நெருப்பில் போட்டுப் புடமிட்டு, உருக்கி, தன் கையாலேயே செய்து போட்டிருந்தார். அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு அவர் மன்னிப்புக் கேட்ட விதம் அது என்று நினைக்கிறேன். வாயால் கேட்கிற ஆள் இல்லை அவர்.

டாக்டர் அதை உற்றுப் பார்த்தார். இசக்கியம்மாள் மூக்கைத் தொட்டுக்கொண்டு, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்டாள்.

"டாக்டரே, இதைப் புளி போட்டு வெளக்கலாமா?"

உலகு சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, நாலு பல்லும் வெயிலில் தெரிய, சத்தமாகச் சிரித்தாள். அவள் இரண்டு கையிலும் தாம்பூலத்தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.